வாசல் முறை

இந்த ஞாயிறு வாசலில் நிற்கும் முறை எனக்கு.
ஜெலுத்தோங்கில், மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே
எங்கள் சபை. சிலுவை உள்ளேதான்.
வெளியே ஒரு தகரப் பலகை.

அந்தப் பலகைக்கு மூன்று மாதம் சண்டை.
'எல்லாரும் வரலாம்' என்று எழுதியிருந்தோம்.
வரலாம்னு சொல்ல நீங்க யாரு,
வீடு உங்களுதா என்று கேட்டாள் திலோத்தமை.
முன்பு போன சபையில்
ஆண்கள் பக்கமும் இல்லை, பெண்கள் பக்கமும் இல்லை என்று
செருப்படுக்கின் அருகே நிறுத்தப்பட்டவள்.
பலகை எழுதும் மோசஸ் வந்து
ஒரு சொல்லை வெள்ளையடித்து 'வாங்க' என்று மாற்றினார்.
மழையில் நனைந்தால்
பழைய சொல் இன்னும் தெரியும்.

வாசலில் நிற்பவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்:
பசியாறியாச்சா?
ஞானஸ்நானம் எங்கே, எந்தச் சபை,
கல்யாணம் ஆனதா, ஆனது ஏன் நிலைக்கவில்லை
இதெல்லாம் கேட்கக் கூடாது.
என்னைக் கேட்டிருக்கிறார்கள்.
அதனால் நாக்கைக் கடித்துக்கொள்வது எனக்குச் சுலபம்.

ஜெயசீலனும் கோக் வாயும் வந்தாயிற்று,
பன்னிரண்டு வருடமாக ஒரே குடையில்.
குடை சின்னது. ஆளுக்கொரு தோள் நனைந்திருக்கும்.
துண்டு கொடுப்போம்.

நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது
மனம் ஒப்பாத வரியில் மௌனமாக இருக்கலாம்
என்பது எங்கள் வழக்கம்.
'மூன்றாம் நாள்' வந்ததும்
ஒருமுறை பாதிச் சபை மௌனம்.
போதகர் தபீத்தாளின் குரலும் கேட்கவில்லை.
பாட்டுக்காக மட்டும் வரும் கோமளவல்லி அக்கா
பின்வரிசையிலிருந்து, விபூதி கலையாமல்,
அந்த வரியைச் சத்தமாகச் சொல்லி முடித்தார்.
யாராச்சும் சொல்லணுமில்ல, என்றார் பிறகு.

ஒன்பதரைக்கு ஒரு கிராப் கார் நின்றது.
ஓட்டுநர் சக்கர நாற்காலியை விரித்தார்.
பலவேந்திரம், என்றார் வந்தவர்.
வலது காலைச் சர்க்கரை எடுத்துக்கொண்டது என்றார்,
நான் கேட்காமலே.
பலகையைப் பார்த்தார். படிகளைப் பார்த்தார்.
பசியாறியாச்சா என்றேன்.
இருபத்துமூணு, என்றார்.

ஆறு வருடமாக ஏறுகிறேன். நான் எண்ணியதில்லை.

நாலு பேர் தூக்கிக்கிட்டு, என்று ஆரம்பித்தேன்.
நான் மூட்டை இல்லம்மா.
கூரையைப் பிரிச்சு இறக்கினாங்களே, அவனை
ஒரு வார்த்தை கேட்டாங்களான்னு
அங்கயும் எழுதலை.

முதல் பாட்டின் நடுவே மேலே போய்ச் சொன்னேன்.
யாரும் தீர்மானம் போடவில்லை,
வழக்கத்துக்கு மாறாக.
நாற்காலிகள் இறங்கின.
பெங்காலி ரொட்டி இறங்கியது, ரிபேனாக் குடுவை இறங்கியது,
வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கித் திலோத்தமை இறங்கினாள்.
பட்டறைத் தவுக்கே ஷட்டரைப் பாதி தூக்கி
என்ன, தீயா என்றார்.
பிறகு இரண்டு யமஹாவை நகர்த்தினார்.
தரையோடிருந்த அவருடைய சிவப்புச் சாமிமாடத்தில்
ஊதுபத்தி பாதி எரிந்திருந்தது.
அதைத் தள்ளிவைக்கச் சொல்ல
ஒருவருக்கும் தோன்றவில்லை.

எண்ணெய் வழுக்கும் தரையில் நின்று
போதகர் ரொட்டியைப் பிட்டார்.
பாதிச் சொற்களைப் பேருந்து விழுங்கியது.
பலவேந்திரம் துண்டை வாங்கி வைத்துக்கொண்டேயிருந்தார்.
பதினோரு வருசம், என்றார்.
ரெண்டாவது கல்யாணம் பண்ணதிலிருந்து
தட்டு என்னைத் தாண்டிப் போயிடும்.
தின்றார். பிறகு கோப்பையைப் பார்த்துத் தயங்கினார்:
இதுல இனிப்பு.
தபீத்தாள் யோசித்து நின்ற நேரத்தில்
தவுக்கே தன் பிளாஸ்க்கைத் திறந்து
வெறும் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.
போதகர் அதன்மேல் கை வைத்தார்.

அடுத்த வாரம் எப்படி, என்றார் போகும்போது.
சரிவுப்பாதைக்கு இடமில்லை,
கீழ்த்தளத்துக்கு வாடகை இல்லை.
பேசுவோம் என்றேன். ஜெபத்தைவிட அதிகமாக
எங்கள் சபையில் புழங்கும் சொல்.
வரேன், என்றார், கார்க் கதவு மூடும் முன்.
போகிற எல்லாரும் சொல்வதுதான்.
அது வாக்கா வழக்கா என்று தெரியவில்லை.

சாயங்காலம் மோசஸுக்குப் போன் போட்டேன்.
பலகையில் இன்னொன்று எழுதணும்:
'படிகள் 23'.
எவ்வளவு பெரிசா என்றார்.
அந்த 'வாங்க' அளவுக்கு.